வீட்டு பாரில் டிராஃப்ட் பீர்: நுரையை அடக்கும் வழி

அமெரிக்காவில் பேஸ்மென்ட் வைத்த வீட்டுக்கு வந்ததும் பலருக்கும் வரும் ஆசைதான் எனக்கும் வந்தது: ஒரு மூலையில் சின்ன பார், அதில் டேப்பைத் திறந்தால் பீர். சாமான்களை மாட்ட ஒரு மதியம் போதும். நுரையைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது. அதனால் மாட்டும் வேலையை வேகமாகச் சொல்லிவிட்டு, நுரைக்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஃப்ரிட்ஜ். பீர் நிரப்பிய உலோகப் பீப்பாயான கெக் அதற்குள்தான் நிற்கும். புதியவர்கள் வாங்க வேண்டிய கெக், கடைகளில் 'சிக்ஸ்த் பேரல்' என்று கேட்டால் கிடைக்கும். சுமார் 19.5 லிட்டர், அதாவது 12 அவுன்ஸ் பாட்டிலில் 55 பாட்டில். உயரம் 60 செ.மீ., மேலே கப்ளருக்கு (கெக்கின் வாயில் மாட்டும் இணைப்பு) இன்னொரு 15 செ.மீ. விடுங்கள். சின்ன ஃப்ரிட்ஜ்களில் கம்ப்ரஸருக்காக உள்ளே பின்பக்கம் ஒரு மேடு இருக்கும். அளவுநாடாவை நம்பாமல், கெக் அளவில் அட்டையைச் சுருட்டி எடுத்துப்போய் உள்ளே நிற்க வைத்துப் பாருங்கள். பீரை வெளியே தள்ளும் கேஸ் சிலிண்டருக்கும் பக்கத்தில் இடம் வேண்டும்.

கவுன்டர் மேல் டேப்போடு நிற்கும் டவர் பார்க்க அழகுதான். ஆனால் அதற்குள் குளிர் ஏறாது. சின்ன ஃபேன் வைத்துக் குளிர்காற்றை மேலே தள்ளாவிட்டால் முதல் கிளாஸ் பாதிக்குப் பாதி நுரை. ஆகவே, முதல் முறை செய்பவர்கள் ஃப்ரிட்ஜைப் பாரின் பின்சுவரோடு நிறுத்தி, கதவிலேயே டேப் வைப்பது நல்லது. ஃப்ரிட்ஜின் பக்கச் சுவர்களில் துளை போட்டால், உள்ளே குளிர்வாயு ஓடும் குழாயில் ஓட்டை விழுந்துவிடலாம். அதோடு ஃப்ரிட்ஜின் கதை முடிந்தது. கதவில் அந்தப் பயம் இல்லை. தண்ணீர், ஐஸ் வரும் கதவாக மட்டும் இருக்கக் கூடாது, உள்ளே வயர் போகும்.

வாங்க வேண்டியவை: 5 பவுண்டு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், இரட்டை மீட்டர் ரெகுலேட்டர், கேஸ் குழாய், 3/16 அங்குல உள்விட்டமுள்ள பீர் குழாய் 10 அடி, ஷேங்க் (கதவின் துளை வழியே பீர் குழாயை டேப்போடு இணைக்கும் துண்டு), டேப், கப்ளர். அமெரிக்க பீருக்குப் பெரும்பாலும் 'டி' வகை கப்ளர். ஹைனெகெனுக்கு 'எஸ்', கின்னஸுக்கு 'யு'. கின்னஸ் வேண்டுமென்றால் நைட்ரஜன் கலந்த கேஸும் தனி டேப்பும் தேவை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கதவில் 1 அங்குல ஹோல் சாவால் துளையிட்டு ஷேங்கை இறுக்குங்கள். ரெகுலேட்டரை சிலிண்டரில் மாட்டும்போது நடுவில் ஒரு வாஷர் வரும். நான் அதைப் போடாமல் முறுக்கிவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் சிலிண்டர் காலி. பணம் போனது ஒரு பக்கம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, காற்றைவிடக் கனம். பேஸ்மென்ட்டில் கீழே தேங்கி மூச்சுக்கே ஆபத்தாகும். சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தடவுங்கள், குமிழி வந்தால் கசிவு. ஒரு கார்பன் டை ஆக்சைடு அலாரமும் தாழ்வாக மாட்டிவிடுங்கள்.

இன்னொன்று: சிலிண்டர் பக்கத்து மீட்டரைப் பார்த்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அசையாது, தீரும் நேரத்தில் சடாரென்று விழும். எடை போட்டுப் பார்ப்பதுதான் வழி. நம்ம ஊர் சமையல் கேஸ் சிலிண்டர் மாதிரியே காலி எடை மேலேயே பொறித்திருக்கும்.

கப்ளரைக் கெக்கின் வாயில் வைத்து, வலப்பக்கம் திருப்பி, கைப்பிடியைக் கீழே அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். அவ்வளவுதான் மாட்டும் வேலை.

சரி, நுரைக்கு வருவோம். காரில் குலுங்கி வந்த கெக், கையில் ஆட்டிய கோலி சோடா மாதிரி. ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் அசையாமல் இருக்கட்டும். பீரே 3 டிகிரி செல்சியஸுக்கு வர வேண்டும். ஃப்ரிட்ஜ் காட்டும் எண்ணை நம்பாமல் இரண்டாவது கிளாஸில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலான அமெரிக்க பீருக்கு 12 பி.எஸ்.ஐ. அழுத்தம் சரி.

நுரை வந்ததும் எல்லாரும் செய்யும் தவறு, அழுத்தத்தைக் குறைப்பது. குறைத்தால் பீரில் கரைந்திருக்கும் கேஸ் குழாய்க்குள்ளேயே பிரிந்து குமிழியாகும். இன்றைக்கும் நுரை, நாலு நாளில் பீரும் சப்பென்று ஆகிவிடும். அழுத்தத்தைத் தொடாமல் குழாயின் நீளத்தைப் பாருங்கள். ஒல்லியான குழாய் அடிக்குச் சுமார் 2 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை விழுங்கும். நிறைய செட்டில் வரும் 5 அடிக் குழாயில் பீர் சீறிக்கொண்டு வருவது இதனால்தான். 10 அடியில் தொடங்குங்கள். மிக மெதுவாக வந்தால் அரை அடியாக நறுக்கிக்கொண்டே வாருங்கள். நறுக்கியதை ஒட்ட முடியாது என்பதால் அவசரம் வேண்டாம்.

ஊற்றும்போது கிளாஸை 45 டிகிரி சாய்த்து, டேப்பை ஒரே இழுப்பில் முழுசாகத் திறக்க வேண்டும். பாதி திறந்தால் நுரைதான். உயரத் தூக்கி ஆற்றுவதெல்லாம் டீக்கு.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பீர் குழாயை அதற்கென விற்கும் கிளீனரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசுங்கள். அந்த கிளீனர் காரம், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கழுவாமல் விட்டால் எவ்வளவு நல்ல பீரும் புளிக்கும். அப்போது கெக் விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நான் போய் அசடு வழிந்திருக்கிறேன்.