ஆல்பைன் லினக்ஸைச் சர்வரில் ஏற்றுவதற்கு முன் பயனர் கருத்துகளை எடைபோடுவது எப்படி

சிறிய அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ ஒரு சர்வர் அமைக்க வேண்டும், அதற்கு ஆல்பைன் லினக்ஸ் என்ற சிறிய லினக்ஸ் இயங்குதளம் சரிப்படுமா என்று விசாரிப்பவர்களுக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கும். பல ஆண்டுகளாகக் கை வைக்கவே தேவைப்படாமல் ஓடுகிறது என்பார் ஒருவர். இரண்டே வாரத்தில் கழற்றிவிட்டு டெபியன் என்ற இன்னொரு லினக்ஸுக்குத் திரும்பினேன் என்பார் இன்னொருவர். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எந்த வேலையைச் செய்யும்போது, எந்தப் பதிப்பில் அந்த அனுபவம் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கேட்காத வரையில், அந்தக் கருத்துகளில் ஒன்றுகூட நம் சர்வருக்குப் பயன்படாது.

ஆல்பைனின் அடிப்படை அமைப்பைத் தெரிந்துகொண்டால், பாராட்டும் குறையும் எங்கிருந்து வருகின்றன என்பது பாதி விளங்கிவிடும். நடானயேல் கோப்பா 2005-இல் தொடங்கிய இந்த வழங்கல், பிற லினக்ஸ்களில் வழக்கமாக இருக்கும் ஜிலிப்சி நூலகத்துக்குப் பதிலாக மசில் என்ற சிறிய சி நூலகத்தையும் (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்), அன்றாடக் கட்டளைகளுக்கு பிஸிபாக்ஸையும், சேவைகளைத் தொடங்கி நிறுத்த சிஸ்டம்டிக்குப் பதிலாக ஓப்பன்ஆர்சியையும் பயன்படுத்துகிறது. மசிலுக்கு மாறியது 2014-இல் வந்த 3.0 பதிப்பில். ஒரு கண்டெய்னருக்கு (ஒரு நிரலை அதற்குத் தேவையானவற்றோடு தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) 8 எம்பிக்கு மேல் தேவையில்லை, வட்டில் குறைந்தபட்சமாக நிறுவ ஏறத்தாழ 130 எம்பி போதும் என்று திட்டமே சொல்கிறது. அந்தச் சிறிய உருவம் இந்த மூன்று தேர்வுகளால்தான் வந்தது. பயனர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவையும் அவற்றிலிருந்துதான் வருகின்றன.

ஆகவே ஒரு கருத்தைப் படித்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது, அவர் ஆல்பைனைக் கண்டெய்னருக்குள் பயன்படுத்தினாரா, முழு இயந்திரத்தில் நிறுவினாரா என்பதை. கண்டெய்னருக்குள் பயன்படுத்துபவர் ஓப்பன்ஆர்சியைப் பார்த்தே இருக்க மாட்டார், அமைப்பின் கருவான கெர்னலும் அவருடையதன்று. முழு இயந்திரத்தில் நிறுவியவரோ பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் இல்லையே, கட்டளைகளை ஏற்கும் பாஷ் ஷெல் இல்லையே என்று தொடங்குவார். அவை பழக்கம் சார்ந்த குறைகள். பதிவுக் கோப்புகளை நேரடியாகத் திறந்து படிப்பதற்கும் ஆஷ் ஷெல்லில் ஸ்கிரிப்ட் எழுதுவதற்கும் தயங்காதவருக்கு அவை ஒரு வாரத்தில் மறைந்துவிடும்.

அடுத்து, கருத்து எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பாருங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், டிஎன்எஸ் (பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் முறை) பற்றிய புகார். மசில் நூலகம் நெடுங்காலம் பெயர்த் தேடலை யுடிபி என்ற எளிய அனுப்புமுறை வழியாக மட்டுமே செய்தது. பதில் பெரிதாகி வெட்டுப்பட்டு வந்தால் பெரிய பதில்களையும் முழுமையாகக் கொண்டுவரும் டிசிபி என்ற முறை வழியாக மறுபடி கேட்பது வழக்கம். மசில் அதைச் செய்யவில்லை. சிறிய பதில்கள் வரும் இடங்களில் எல்லாம் சரியாக ஓடும். ஒரே பெயருக்குப் பல முகவரிகள் திரும்பும் குபர்நெட்டிஸ் (பல கண்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) போன்ற சூழல்களிலோ தேடல் திடீரென்று தவறும், காரணமும் எளிதில் புலப்படாது. 2023 மே மாதம் வெளிவந்த மசில் 1.2.4-இல் டிசிபி ஆதரவு சேர்ந்தது. அதே மாதம் வந்த ஆல்பைன் 3.18 அதை எடுத்துக்கொண்டது. அதற்கு முன் சொல்லப்பட்ட டிஎன்எஸ் குறைகள் அன்று முற்றிலும் நியாயமானவை, ஆனால் இன்றைய முடிவுக்கு அவற்றை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது.

மூன்றாவதாக, அவர் எந்த மென்பொருளை ஓட்டினார் என்பதைக் கேளுங்கள். என்ஜின்எக்ஸ் (வலை சர்வர்), டிஎன்எஸ்மாஸ்க் (டிஎன்எஸ் சர்வர்), வயர்கார்டு (விபிஎன்) போன்றவற்றை ஆல்பைனின் சொந்தத் தொகுப்பகத்திலிருந்து, அதாவது அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து, நிறுவியவர்களிடம் பெரிய குறைகளைக் கேட்டதில்லை. ஜிலிப்சிக்கென்றே தொகுக்கப்பட்டு, மூல நிரல் தரப்படாத வணிக மென்பொருளை ஓட்ட முயன்றவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். பைத்தான் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஜிலிப்சிக்காகக் கட்டப்பட்ட முன்தொகுப்புகள் மசிலில் ஓடாது என்பதால் பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கட்டளை ஒவ்வொன்றையும் மூலத்திலிருந்து தொகுக்கத் தொடங்கி நேரத்தைத் தின்றுவிடும். 2021-இல் மசில்லினக்ஸ் என்ற தனித் தரம் வந்த பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது; இருந்தாலும், உங்களுக்குத் தேவையான ஒவ்வொரு நூலகத்துக்கும் அந்த வகைத் தொகுப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. அதிக நினைவகம் கேட்கும் இழைகளை (த்ரெட்) உருவாக்கும் நிரல்களிலும் கவனம் தேவை, ஏனெனில் ஓர் இழையின் அடுக்குக்கு (ஸ்டேக்) ஜிலிப்சியில் பொதுவாக 8 எம்பி கிடைக்க, மசில் தானாக ஒதுக்குவது 128 கேபி மட்டுமே.

இவ்வளவும் கேட்டு முடித்த பிறகு ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் நீங்களே நிறுவிப் பாருங்கள். செட்டப்-ஆல்பைன் என்ற கட்டளை கேள்வி கேட்டுக்கொண்டே வேலையை முடித்துவிடும்; அதில் நிதானமாகப் பதிலளிக்க வேண்டிய கேள்வி, வட்டில் எந்த முறையில் நிறுவ வேண்டும் என்பது. சிஸ் முறை மற்ற லினக்ஸ்களைப் போன்றது. டிஸ்க்லெஸ் முறையில் முழு அமைப்பும் நினைவகத்தில் ஓடும்; நீங்கள் செய்யும் மாற்றங்களை எல்பியு கமிட் என்று கட்டளையிட்டுச் சேமித்தால்தான் மறுதொடக்கத்துக்குப் பின் அவை இருக்கும். ஒரு சிறிய அலுவலகத்துக்குப் பென்டிரைவிலிருந்து ஓடும் டிஎன்எஸ் சர்வர் ஒன்றை இந்த முறையில் அமைத்திருந்தேன். ஒரு நாள் மாலை புதிதாக வந்த கணினிகளுக்கும் கணக்குப் பிரிவின் அச்சுப்பொறிக்கும் முகவரிகளை டிஎன்எஸ்மாஸ்க் கோப்பில் சேர்த்து, சேவையை மறுதொடக்கம் செய்து, எல்லாம் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். இரவு மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டது. காலையில் சர்வர் குறையில்லாமல் எழுந்திருந்தது, ஆனால் பழைய கோப்போடு. அச்சுப்பொறியை ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்பியு ஸ்டேட்டஸ் என்று கேட்டுப் பார்த்து, பட்டியல் காலியாக இருந்தால் மட்டுமே இயந்திரத்தை விட்டு எழுவது என்பது அன்றிலிருந்து எனக்கு வழக்கமாகிவிட்டது.

அன்று காலை ஐஆர்சி என்ற இணைய அரட்டையில் நான் உதவி கேட்டபோது வந்த முதல் எதிர்க்கேள்வி, "டிஸ்க்லெஸ் முறையா, கடைசியாக எப்போது கமிட் செய்தீர்கள்?" என்பதுதான். ஆல்பைனின் சமூக ஆதரவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஆட்கள் குறைவு, ஆனால் பதில் சொல்பவர்களுக்கு விஷயம் தெரியும். சில வேளைகளில் அந்தத் தொகுப்பைப் பராமரிப்பவரே பதில் சொல்வார். அதே காரணத்தால், முழுமையில்லாத கேள்விக்குப் பதிலே வராமலும் போகலாம். ஐஆர்சி அறை 2021 முதல் ஓஎஃப்டிசி வலையமைப்பில் இருக்கிறது. பிழைகளைப் பதிவதற்கு அவர்களுடைய சொந்த கிட்லேப் தளமும், செய்முறைகளுக்கு விக்கியும் உள்ளன. உரையாடல் ஆங்கிலத்தில்தான் நடக்கும். "என்ஜின்எக்ஸ் ஓடவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆல்பைன் பதிப்பு எண், நிறுவிய முறை, இயந்திரமா கண்டெய்னரா, கடைசியாகச் செய்த மாற்றம், கட்டளையைக் கொடுத்ததும் வந்த பிழை வரி அப்படியே, இதுவரை நீங்கள் முயன்றவை ஆகிய ஆறையும் ஒரே தடவையில் எழுதுங்கள். எழுதிவிட்டு ஐந்து நிமிடத்தில் அறையை விட்டு வெளியேறாமல் சில மணி நேரம் காத்திருங்கள், ஏனெனில் பதில் சொல்லக்கூடியவர் வேறொரு நேர மண்டலத்தில் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

சர்வர் பழுதான நாளில் முதன்முறையாக அந்த வாசலுக்குப் போகாமல், சோதனைக் கட்டத்திலேயே உண்மையான ஐயம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தேவையான தொகுப்பின் பெயரைக் கிட்லேபில் தேடி, அதன் மீதான புகார்கள் எவ்வளவு நாளில் தீர்க்கப்பட்டிருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். பிறரின் பத்துக் கருத்துகளைவிட இந்த ஒரு தேடல் தெளிவான பதிலைத் தரும்.

ஆதரவுக் காலத்தைப் பற்றி ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. மெயின் தொகுப்பகத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். கம்யூனிட்டி தொகுப்பகத்துக்கோ அடுத்த பதிப்பு வரும் வரையில் மட்டுமே. உங்கள் சர்வர் நம்பியிருக்கும் தொகுப்பு எதில் இருக்கிறது என்பதை ஏபிகே பாலிசி என்ற கட்டளை காட்டிவிடும். கம்யூனிட்டியில் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை மேம்படுத்த உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று யோசியுங்கள். மேலும், ஒரு தொகுப்பின் புதிய கட்டு வந்ததும் பழையது தொகுப்பகத்திலிருந்து நீக்கப்பட்டுவிடும். கண்டெய்னரைக் கட்டுவதற்கான டாக்கர் கோப்பில் துல்லியமான பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்தவர்களின் கட்டமைப்பு திடீரென்று முறிவது இதனால்தான்.

இந்தத் திட்டத்தின் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை என்பதை 2025 ஜனவரியில் எல்லோரும் கண்கூடாகப் பார்த்தார்கள். அவர்களுக்கு இயந்திரங்களை இரவலாகத் தந்த எக்வினிக்ஸ் மெட்டல் சேவை மூடப்படவிருந்ததால், முதல்நிலைக் கண்ணாடித் தளங்களையும் (தொகுப்பகத்தின் நகலை வழங்கும் சர்வர்கள்) தானியங்கிச் சோதனை இயந்திரங்களையும் வைக்க வேறிடம் தேவை என்று ஆல்பைன் குழுவினர் வெளிப்படையாக உதவி கேட்டார்கள். உலகெங்கும் எண்ணற்ற கண்டெய்னர்களுக்கு அடித்தளமாக இருக்கும் ஒன்று இரவல் இயந்திரங்களை நம்பி நிற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. ஆகவே, நீங்கள் ஆல்பைனைத் தேர்ந்தெடுத்தால், உங்களுக்குத் தீர்வு கிடைத்த செய்முறை விக்கியில் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்து அதைச் சேர்த்துவிடுங்கள். பழசாகிப் போன ஒரு வரியைத் திருத்தினாலும் அடுத்து வருபவரின் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும்.

என்னுடைய பொறுப்பில் உள்ள சர்வர்களில் டிஎன்எஸ், விபிஎன், ரிவர்ஸ் பிராக்ஸி (வரும் கோரிக்கைகளை உரிய சர்வருக்கு அனுப்பும் இடைநிலை) ஆகியவை ஆல்பைனில் ஓடுகின்றன. கணக்குப் பிரிவு வாங்கிய வணிக மென்பொருள் டெபியனில் இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் எனக்கில்லை.