எந்த நெல் ரகத்துக்கு எவ்வளவு யூரியா? சின்னப் பாத்திகளில் நாமே பார்த்துவிடலாம்

ஒரே அளவு உரம் போட்டுவிட்டு "இந்த ரகம் ஒசத்தி, அது மட்டம்" என்று முடிவு கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உயரமான பழைய ரகங்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் வைக்கோல்தான் வளரும், கதிர் முற்றுவதற்குள் பயிர் சாய்ந்துவிடும். குட்டை ரகம் அதே உரத்தை மணியாக்கும். 1966ல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகம் பெயர் வாங்கியது இதனால்தான்.

முதலில் பாத்தி. இரண்டு ரகம், நான்கு அளவு (ஹெக்டேருக்கு 0, 50, 100, 150 கிலோ தழைச்சத்து), மூன்று முறை திருப்பி: மொத்தம் 24 பாத்தி. ஒவ்வொன்றும் 5×4 மீட்டர். எந்தப் பாத்திக்கு எந்த அளவு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு, 0 பாத்திக்கும் சேர்த்துத்தான். கலப்பு உரம் வேண்டாம், அதில் தழைச்சத்தை மட்டும் தனியாக மாற்ற முடியாது.

யூரியாவில் 46% தழைச்சத்து. 20 சதுர மீட்டருக்கு 50 கிலோ அளவு என்றால் 217 கிராம் யூரியா, 100 கிலோவுக்கு 435, 150 கிலோவுக்கு 652. சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்து, பாத்தி எண் எழுதிய பொட்டலங்களாக முன்பே கட்டி வையுங்கள். வயலில் நின்று கைக்கணக்கில் போட்டால் சோதனையே வீண்.

இனிதான் சிக்கலான இடம். யூரியாவை மூன்றாகப் பிரித்து நடவின்போது, தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது போடுகிறோம். இந்த மூன்றாவது தவணையை இரண்டு ரகத்துக்கும் ஒரே நாளில் போடக்கூடாது! கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய 65 நாள். அப்படியானால் 110 நாள் ரகத்துக்கு விதைத்த 45ஆம் நாள் வாக்கில், 135 நாள் ரகத்துக்கு 70ஆம் நாள் வாக்கில். ஒரே நாளில் போட்டால் ஒன்றுக்கு முந்திவிடும், இல்லை மற்றதற்குப் பிந்திவிடும். கடைசியில் நாம் ஒப்பிடுவது ரகத்தை அல்ல, தேதியை. நாள்கணக்கை மட்டும் நம்பாமல் பெரிய தூரின் தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். அடியில் பஞ்சு மாதிரி வெண்மையாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நுனி தெரிந்தால் அதுதான் சரியான நேரம்.

போடும்போது தண்ணீரை வடித்துவிடுங்கள். தேங்கிய நீரில், அதுவும் நண்பகல் வெயிலில் தூவினால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

அறுவடையில் ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுவில் 10 சதுர மீட்டர் மட்டும். அங்கே 1 கிலோ என்றால் ஹெக்டேருக்கு 1 டன், கணக்கு சுலபம். ஈரப்பதத்தை 14 சதவீதத்துக்குச் சரிசெய்ய, எடையை (100 − ஈரப்பதம்) ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்கவும்.

அப்புறம் ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனிக் கோடு வரையுங்கள். கோடு எங்கே தட்டையாகிறதோ அதற்கு மேல் போடும் யூரியா வீண். புகையான் பூச்சிக்கும் குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கும்தான் வழி விடும்.

பிற்சேர்க்கை: "0 பாத்தியும் பச்சையாவே இருக்கே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வரப்போரம் மட்டும் பச்சை என்றால் பக்கத்துப் பாத்தி நீர் கசிகிறது, வரப்பை உயர்த்திப் பூசுங்கள். பாத்தி முழுக்க ஒரே பச்சை என்றால் பெரும்பாலும் மண்ணே கொடுக்கிறது. அந்த 0 விளைச்சலை மற்றவற்றிலிருந்து கழித்தால்தான் யூரியாவின் பங்கு எவ்வளவு என்று தெரியும்.