ஒரு கிலோ டம்பெலிலேயே நின்றுவிடாதீர்கள்: வீட்டில் எடைப்பயிற்சி தொடங்கும் பெண்கள் செய்யும் தவறுகள்

கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு கேஸ் சிலிண்டர் வரும் நாளில் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்க்க வேண்டும். கொண்டுவருபவர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அக்கா அதைச் சாய்த்து உருட்டிக்கொண்டே வருவார். நிலைப்படி வந்ததும் இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் தூக்கி உள்ளே வைத்துவிடுவார். எரிவாயு மட்டும் 14.2 கிலோ. சிலிண்டரின் எடையும் சேர்ந்தால் 30 கிலோவுக்கு வந்துவிடும். அதே அக்கா எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் 5 கிலோ டம்பெலைப் பார்த்ததும், "அம்மாடி, இவ்வளவு வெயிட்டா! எனக்கு ஒரு கிலோ போதும் பாப்பா" என்றார்.

நான் மூன்று வருடமாக அந்தத் தாழ்வாரத்தில்தான் எடைப்பயிற்சி செய்கிறேன். இப்போது தெருவில் நான்கைந்து பேர் சேர்ந்துகொள்கிறார்கள். நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே"

திருவையாறு பக்கம் இளமையில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கேட்டார், "வயல்ல குனியாத குனியா நீ குனியச் சொல்ற?" நியாயமான கேள்விதான். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நாற்று நடுவது லேசான உழைப்பு இல்லை. ஆனால் அது தாங்குசக்தியைத் தரும் உழைப்பு. நாற்றுக்கு எடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முதல் நாளும் அதே எடை, முப்பதாவது வருடமும் அதே எடை. குடமும் அப்படித்தான். அதிலும் குடம் எப்போதும் ஒரே இடுப்பில்தான் ஏறும்.

உடம்பு பழகிய சுமைக்கு மேல் கொஞ்சம் கேட்டால்தான் தசை வளரும், எலும்பும் கெட்டிப்படும். முப்பது வயதுக்கு மேல் தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் எலும்பு தேய்வதும் வேகமெடுக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நடை போன்ற பயிற்சி போக, வாரத்தில் குறைந்தது 2 நாள் உடம்பின் முக்கியத் தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. மகாமகக் குளத்தைத் தினமும் நான்கு சுற்று நடப்பது இதயத்துக்கு நல்லது. இந்த இரண்டு நாள் கணக்கில் அது சேராது.

எடையைக் கூட்டாமல் இருப்பது

பெண்களிடம் நான் பார்த்த பெரிய தவறு அதிக எடையைத் தூக்குவது அல்ல. ஒரு கிலோ டம்பெலை ஆறு மாதம், ஒரு வருடம் என்று ஆட்டிக்கொண்டே இருப்பதுதான். வியர்க்கும், கை கடுக்கும், ஏதோ செய்ததாகத் திருப்தியும் வரும். ஆனால் முதல் மாதத்துக்குப் பிறகு உடம்பில் மாற்றமே இருக்காது. "எனக்கு இதெல்லாம் ஒத்துவரல" என்று டம்பெல் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நானும் இப்படி ஒரு வருடத்தை விட்டிருக்கிறேன்.

இதற்குப் பின்னால் இருப்பது ஒரு பயம்: "ஆம்பள மாதிரி உடம்பு ஆகிடும்." பெண்களின் உடம்பில் தசையைப் பெருக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் முக்கால் மணி நேரம் பயிற்சி செய்து தற்செயலாகப் பெரிய உடம்பு யாருக்கும் வந்துவிடாது. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவை நினைத்துப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கியபோது ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 87, தோள்வரை ஏற்றிப் பிறகு தலைக்கு மேல் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115, மொத்தம் 202 கிலோ தூக்கினார். தன் உடம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான எடையைத் தலைக்கு மேல் ஏற்றிய பெண் 49 கிலோதான். அதுவும் சிறுவயதிலிருந்து அதையே வாழ்க்கையாக வைத்துச் செய்த பயிற்சி.

சரி, எவ்வளவு எடையில் தொடங்குவது? உடம்பு கோணாமல் 8 முதல் 12 தடவை செய்ய முடிகிற எடை. கடைசி இரண்டு தடவை வேகம் குறைந்து, "இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும்" என்று தோன்ற வேண்டும். இருபது தடவை பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் அது உங்களுக்கான எடை இல்லை. இப்படி நிறுத்தாமல் 8-12 தடவை செய்வது ஒரு செட். ஒரு செட் முடிந்ததும் ஒன்றரை, இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு அடுத்த செட். ஆரம்பத்தில் இரண்டு செட் போதும்.

கூட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2 கிலோவிலிருந்து 3 கிலோ என்பது கேட்பதற்கு ஒரு கிலோதான், ஆனால் தோளுக்கு அது ஒன்றரை மடங்கு. அதனால் முதலில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 8 தடவை செய்தது 12 ஆகட்டும். இரண்டு முறை தொடர்ந்து 12 வந்த பிறகு அடுத்த எடைக்குப் போய் மறுபடி எட்டிலிருந்து ஆரம்பியுங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மறந்துபோகும். எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே எழுதுகிறேன். தேதிக் கட்டத்தின் மேல் மூலையில் பால் பாக்கெட், கீழே "ஸ்கு 8-10-10". அதாவது ஸ்குவாட் என்ற குந்தி எழும் பயிற்சி, எட்டு கிலோ, பத்துப் பத்தாக இரண்டு செட். போன மாதத் தாளைத் திருப்பினால் கூடியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

எல்லாப் பயிற்சிக்கும் ஒரே டம்பெல் என்பதும் தவறு. கையைப் பக்கவாட்டில் தூக்க 2 கிலோவே சிரமம். அதே ஆளின் தொடையும் இடுப்பும் 10 கிலோவைச் சாதாரணமாகத் தாங்கும். கைக்கு ஏற்ற எடையை வைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்தால் காலுக்கு ஒரு வேலையும் நடக்காது.

முதுகை மடக்குவது

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலி பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தரையில் இருக்கும் எடையை எடுக்க நாம் குனியும்போது இடுப்பு மூட்டு மடங்க வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும். நமக்கு வருவது நேர்மாறு. இடுப்பு அப்படியே நிற்கும், முதுகு வில்லாக வளையும். நாற்றுக்குக் குனியும்போது அது தெரியாது. கையில் 15 கிலோ இருக்கும்போது தெரியும்.

அக்காவுக்கு நான் காட்டிக்கொடுத்தது ஒட்டடைக்கம்பை வைத்து. கம்பை முதுகோடு செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் படும்: பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்புறத்தால் சுவரைத் தொடுங்கள். இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது பின்புறத்தாலேயே கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவுதான். குனியும்போது கம்பு மூன்று இடத்தில் எதையாவது விட்டு விலகினால் முதுகு மடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அக்காவுக்கு முதல் நாள் பத்தில் எட்டுத் தடவை வால் எலும்பிலிருந்து கம்பு விலகியது. ஒரு வாரம் எடையே கொடுக்கவில்லை, கம்பு மட்டும்தான். எட்டாவது நாள் 5 கிலோ டம்பெல் இரண்டைக் கொடுத்தேன். தொடையின் பின்பக்கம் இழுப்பதைத் தொட்டுக்காட்டி, "இங்கதான் புடிக்குது, முதுகுல ஒண்ணுமே இல்லியே" என்றார். அங்கேதான் பிடிக்க வேண்டும்.

ஸ்குவாட்டில், முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்று பயமுறுத்துவார்கள். கொஞ்சம் தாண்டினால் தவறில்லை. அரிவாள்மனை முன் குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது தாண்டத்தான் செய்யும். பார்க்க வேண்டியவை வேறு: குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, முழங்கால் இரண்டும் உள்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாயக் கூடாது. சந்தேகமாக இருந்தால் திண்ணையில் உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பியுங்கள். நம் பழைய வீட்டுத் திண்ணைகள் இதற்கென்றே கட்டியது போல இருக்கும்.

மூச்சை அடக்கி முக்குவதையும் விடுங்கள். எழும்போது வாயால் ஊதி விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

யாரும் வெளியில் சொல்லாத ஒன்று

எடை தூக்கும்போது, குதிக்கும்போது, தும்மும்போது சிறுநீர் கசிவது. குழந்தை பெற்ற பெண்களிடம் இது மிகவும் சகஜம். ஆனால் பேச வெட்கப்பட்டு, பயிற்சியையே நிறுத்திவிடுகிறார்கள், இல்லை, சகித்துக்கொண்டு தொடர்கிறார்கள். இரண்டும் வேண்டாம். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளைப் பலப்படுத்தத் தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார். அடிவயிற்றில் கனமாக இறங்குவது போல உணர்வு இருந்தால், கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் எடையைத் தொட வேண்டும். பிரசவமோ சிசேரியனோ ஆனவர்களும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பொறுங்கள். மாதவிடாய் நாட்களில் உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாகச் செய்யலாம், தடை ஒன்றும் இல்லை.

சாமான் வாங்கும்போதும் வைக்கும்போதும்

முதலில் வாங்க வேண்டியது பிளேட் மாற்றும் டம்பெல் ஒரு ஜோடி, கனமான ரப்பர் மேட் ஒன்று. அவ்வளவுதான். வயிற்றில் கட்டி அதிரவைக்கும் பெல்ட்டில் காசைப் போடாதீர்கள். ஒரு இடத்துக் கொழுப்பை மட்டும் கரைக்கும் கருவி எதுவும் இல்லை. நீளமான ராடில் பிளேட் மாட்டித் தூக்கும் பார்பெல் வாங்கினால் ராடின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். போட்டிகளில் பெண்களுக்கான ராடு 15 கிலோ, ஆண்களுக்கு 20. வீட்டு செட்டில் வருவது எவ்வளவு என்று தெரியாவிட்டால், அதைக் கையில் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

ஒவ்வொரு செட்டுக்கும் முன்னால் டம்பெலின் திருகை இறுக்குங்கள். எனக்கு ஒருமுறை திருகு தளர்ந்து, இரண்டரை கிலோ பிளேட் கழன்று, சிவப்பு சிமெண்ட் தரையில் கால் கட்டைவிரலுக்கு நான்கு விரல் தள்ளி விழுந்தது. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. துப்பட்டா, தரை தொடும் நைட்டி வேண்டாம். தாலிச் சங்கிலியை உடைக்குள் விட்டுக்கொள்ளுங்கள், வளையலைக் கழற்றிவிடுங்கள். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையை (ரெசிஸ்டன்ஸ் பேண்ட்) ஜன்னல் வெயிலில் தொங்கவிட்டால் ரப்பர் வெடித்து, இழுக்கும்போது முகத்தில் அடிக்கும். நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றுக்கு இரும்பு பிளேட் சீக்கிரம் துருப்பிடிக்கும். துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்துவைத்தால் போதும்.

சாப்பாட்டைக் குறைப்பது

எடைப்பயிற்சி தொடங்கியதும் இரவுச் சாப்பாட்டை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தசை கட்டப் புரதம் வேண்டும். நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 55 கிலோ பெண்ணுக்கு சுமார் 46 கிராம். எடைப்பயிற்சி செய்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் இதில் சிறு பங்குதான். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 8, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 அளவுக்கு வரும். சம்பா அறுவடைக்கு முன்னால் வயல் ஈரத்திலேயே உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிற ஊர் நம்முடையது. களியாகவோ சுண்டலாகவோ தினம் ஒரு வேளை சேர்ப்பது பெரிய காரியமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டு செட்டிலேயே மூச்சு வாங்கி, படபடத்து, தலை சுற்றினால் "எனக்குத் தெம்பில்லை" என்று விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்தசோகைதான். நம் ஊரில் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சாப்பாட்டோடு குடிக்கும் டிகிரி காபி இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள்.

விட்ட இடத்திலிருந்து தொடங்குவது

ஐப்பசி அடைமழை, தீபாவளிப் பலகாரம், சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று மூன்று வாரம் விட்டுப்போகும். அது தவறே இல்லை. திரும்பி வரும் நாளில் காலண்டரைப் பார்த்து அதே எடையைத் தூக்குவதுதான் தவறு. மறுநாள் படி இறங்க முடியாது. ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய் தானாக அடங்கும் தசை வலியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு புள்ளியில் சுருக்கென்று குத்தினாலோ, காலுக்கு மின்சாரம் போல இறங்கினாலோ அது வேறு, நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இடைவெளிக்குப் பிறகு முதல் வாரம் பாதி எடை, அடுத்த வாரம் முக்கால். போன தீபாவளிக்குப் பின் அக்கா 10 கிலோவை வைத்துவிட்டு 5 கிலோவை எடுத்தார். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய நாள் காலண்டரில் மறுபடி 10 எழுதியிருக்கிறது.