பேசும் தண்ணீர்த்தொட்டி டப்பா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை அளக்க எதிரொலியை வைத்துத் தூரம் பார்க்கும் ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், வாய்க்கு டிஎஃப்பிளேயர் மினி, அதாவது மெமரி கார்டிலுள்ள ஒலிப்பதிவுகளை ஒலிக்கும் குட்டி போர்டு. பட்டனை அழுத்தினால் "முப்பது ஒன்று சதவீதம்" என்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செய்த முதல் டப்பாவும் இப்படித்தான் பேசியது. ஒயரை மாற்றிக் குத்துவது, கார்டு போட மறப்பது எல்லாம் ஐந்து நிமிடத்தில் தானே தெரிந்துவிடும், அதை விடுகிறேன்.

எண்களைத் துண்டு துண்டாகப் பதிவது

ஆங்கிலத்தில் தர்ட்டி, ஒன் இரண்டையும் ஒட்டினால் வேலை முடிந்தது. நம் மொழியில் முப்பது முப்பத்தி ஆகிறது, தொண்ணூறு தொண்ணூற்றி ஆகிறது, சதவீதத்துக்கு முன்னால் ஒன்று 'ஒரு' ஆகிறது. ஊனோவின் 32 கிலோபைட் நினைவகத்துக்குள்ளேயே ஒலியை அடைக்க வேண்டுமென்றால் சிக்கனம் நியாயம்தான், 8 கிலோஹெர்ட்ஸ் 8 பிட் பதிவு அதில் நாலு நொடிகூடத் தேறாது. ஆனால் கார்டில் ஜிகாபைட் கணக்கில் இடம் கிடக்கிறது. பூஜ்யம் முதல் நூறு வரை, சதவீதத்தையும் சேர்த்து, முழுசாக 101 பதிவு. ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

கோப்பின் பெயரை நம்புவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. டிஎஃப்பிளேயருக்கு எண் கொடுத்து ஒலிக்கச் சொல்லும் சாதாரண கட்டளை இருக்கிறதே, அது கோப்பின் பெயரைப் பார்ப்பதே இல்லை. கார்டில் எந்த வரிசையில் ஏற்றினீர்களோ அந்த வரிசைதான் அதற்குக் கணக்கு.

நான் துண்டுகளாகப் பதிந்திருந்த காலம் அது. இருபத்தி, முப்பத்தி என்று தொண்ணூற்றி வரைக்கும் கடைசியாக ஏற்றியிருந்தேன். இருபத்தியில் மட்டும் பின்னால் ஒரு காக்கா கரைந்தது. வேறொரு நாள் அதைத் திரும்பப் பதிந்து, கார்டில் ஏற்றிவிட்டு, பழையதை அழித்தேன். லேப்டாப் பெயர்வாரியாக அடுக்கிக் காட்டுவதால் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பது போலவே தெரிந்தது. உண்மையில் புது இருபத்தி கடைசிக்குப் போய்விட்டது, மற்றவை ஒவ்வொரு இடம் முன்னால் நகர்ந்துவிட்டன.

தொட்டியில் 22 இருந்தால் "முப்பத்தி இரண்டு" என்றது. பத்து கூடுதலாகச் சொல்கிறதே என்று நான் என்ன செய்தேன் தெரியுமா? தொட்டியின் உயரத்தைக் கணக்கில் மாற்றி எழுதினேன். சரிவரவில்லை. புது சென்சார் வாங்கி மாட்டினேன். அதற்குள் ஒரு நாள் தொட்டி 93 சதவீதம் இருக்கும்போது டப்பா நிதானமாக "இருபத்தி மூன்று" என்றது, அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார், பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த வற்றல் அத்தனையும் கூழாகிவிட்டது. அன்றைக்குத்தான் சுவரிலிருந்து டப்பாவைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டினேன். திரையில் ஒரு எண், காதில் வேறு எண். முதல் நாளே செய்திருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

வழி சுலபம். 'எம்பி3' என்று (ஆங்கில எழுத்தில்தான்) ஒரு ஃபோல்டர், அதற்குள் 0001, 0002 என நாலு இலக்கப் பெயர்கள், அந்த ஃபோல்டரில் பெயரைத் தேடி ஒலிக்கும் தனிக் கட்டளை. கார்டை மேக்கில் எழுதினால் அது போடும் மறை கோப்புகளும் வரிசையில் எண்ணப்படும், அதற்கும் இதுவே மருந்து.

ஸ்பீக்கர் ஒயரை கிரவுண்டில் இணைப்பது

வேண்டாம். டிஎஃப்பிளேயரின் ஸ்பீக்கர் முனை இரண்டும் ஸ்பீக்கருக்கே.

ஆர்எக்ஸ் பின்னில் 1 கிலோ ஓம் போடாமல் விடுவது

டிஎஃப்பிளேயர் கட்டளை வாங்கும் பின் அது. அங்கே அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் உர்ர்ர்ர்.

டிலே வைத்துச் சமாளிப்பது

இத்தனை நொடி காத்திரு என்று நிரலில் குத்துமதிப்பாக டிலே வைத்தால், ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது வெட்டிவிடும். டிஎஃப்பிளேயரின் பிஸி பின்னைப் பாருங்கள், ஒலிக்கும்போது அது தாழ்நிலையில் இருக்கும். கட்டளை அனுப்பிய அதே கணத்தில் அது இறங்காது, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

பூஜ்யத்தை அளவு என்று எடுத்துக்கொள்வது

சென்சாரின் எதிரொலி நேரத்தை அளக்கும் ஆர்டுயினோ கட்டளை பல்ஸ்இன், எதிரொலி வராவிட்டால் அது பூஜ்யம் திருப்பும். தூரம் பூஜ்யம் என்றால் தண்ணீர் விளிம்பு வரை இருக்கிறது என்று உங்கள் கணக்கு நினைத்துக்கொள்ளும், அதாவது செத்துப்போன சென்சார் "நூறு சதவீதம்" என்று பேசும். அதற்கென்று தனியாக ஒரு பதிவு வையுங்கள். என் டப்பாவில் அது 102வது, அம்மாவின் குரலிலேயே: "தெரியலப்பா, மாடிக்குப் போய்ப் பாரு."