கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

மீன் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், வாரம் ஒருமுறை, நீங்கள் சரியாக முடித்த ஒரு வேலையையும் உங்களுக்கு உதவிய ஒருவரையும், "கிழிந்த வலையை நானே பொத்தினேன், படகைக் கரையேற்றப் பக்கத்துப் படகுக்காரர் கை கொடுத்தார்" என்பதுபோல், தேதியுடன் எழுதி வையுங்கள். கெட்டது தானாகவே நினைவில் தங்கும், நல்லது எழுதினால்தான் தங்கும் என்பதால், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் கரையில் விசைப்படகு சும்மா நிற்கும்போது, "நம்மால் என்ன ஆகும்" என்ற சோர்வுக்கு அந்தப் பக்கமே பதில் சொல்லும். (தினமும் எழுதினால் சடங்காகிவிடும் என்பது என் எண்ணம்.) கூலி பாக்கி வைத்தவரிடம் நேரில் கேட்க வேண்டியதை நன்றி எழுதி ஆற்றிக்கொள்ளக் கூடாது, தூக்கமின்மையும் மனச்சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் நோட்டு போதாது, 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழைக்க வேண்டும்.