டி.என்.ஏ. மடிப்பு: ஆறாம் படிவ மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

சுங்கை சிப்புட்டில் டியூஷனுக்கு வரும் ஆறாம் படிவ மாணவர்களின் உயிரியல் விடைகளில் ஒரு வரி தவறாமல் வருகிறது: “இடம் போதாததால் டி.என்.ஏ. மடிந்திருக்கிறது.” அதைத் தவறென்று அடித்துவிட முடியாது. ஏறத்தாழ 2 மீட்டர் இழை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே உள்ள உட்கருவுக்குள் அடங்கியாக வேண்டும். ஆனால் தீபாவளிச் சேலையைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் மடிப்பு அல்ல இது. எந்தப் பகுதி எதை நெருங்குகிறது என்பதைப் பொறுத்து மரபணுவின் செயல்பாடும் மாறலாம்.

இதைவிடப் பெரிய சறுக்கல், மரபணுவை முடுக்கிவிடும் டி.என்.ஏ. துண்டான கட்டுப்பாட்டுப் பகுதி தன் பக்கத்து மரபணுவைத்தான் இயக்கும் என்ற நினைப்பு. விரல்கள் உருவாகத் தேவையான சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள் (ஆமாம், வீடியோ விளையாட்டில் ஓடும் அந்த முள்ளெலியின் பெயர்தான்). கருவின் கைகால் மொட்டில் அதை முடுக்கிவிடும் பகுதி ஏறத்தாழ 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவுக்குள் குடியிருக்கிறது. அங்கே ஓர் எழுத்து மாறினாலே கூடுதல் விரலுடன் குழந்தை பிறக்கலாம். இவ்வளவு தொலைவைச் சுருக்குவதில் மடிப்புக்குப் பங்கு உண்டு. கோஹீசின் என்ற வளையப் புரதம் இழையை இழுத்து, தொலைவிலுள்ள பகுதிகள் நெருங்கும்படி கண்ணியாக (வளைவாக) ஆக்குகிறது, சி.டி.சி.எஃப். புரதம் அமர்ந்திருக்கும் இடத்தில் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

இதைப் படித்ததும் சிலர் எதிர்க்கரைக்குத் தாவி, மடிப்பே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று எழுதுகிறார்கள். 2017-இல் மனிதச் செல்களில் கோஹீசினை அழித்துப் பார்த்தார்கள். கண்ணிகள் மறைந்தன, பெரும்பாலான மரபணுக்களின் செயல்பாடோ சில மணி நேரத்தில் சிறிதளவே மாறியது.

படம் வரையும்போதும் கவனம் தேவை. எக்ஸ் வடிவக் குரோமோசோம், செல் பிளவுறும்போது காணும் தோற்றம் மட்டுமே. டி.என்.ஏ. இழையை 30 நானோமீட்டர் தடிமனில் சீரான சுருளாக வரைந்து மெருகேற்றுவதும் வேண்டாம். 2017-இல் வந்த மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் 5 முதல் 24 நானோமீட்டர் வரையிலான ஒழுங்கற்ற சங்கிலிகளே தெரிந்தன.

தோட்டத்துப் பிள்ளைகள் செம்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டுவருவது எனக்குப் பிடிக்கும். திசு வளர்ப்பில் உருவான சில மரங்களில் காய் உருக்குலைந்து எண்ணெய் குறைந்துவிடும். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் 2015-இல் காரணத்தை வெளியிட்டார்கள்: கர்மா என்ற, இடம்விட்டு இடம் தாவக்கூடிய டி.என்.ஏ. துண்டின் மீதிருந்த மெத்தில் குறிகள் (டி.என்.ஏ.-வில் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகள்) அழிந்திருந்தன. மரபணு ஒழுங்குமுறைக்கு அருமையான சான்று. ஆனால் அந்த ஆய்வு காட்டியது மெத்தில் குறியை, மடிப்பை அல்ல. கேள்வி மடிப்பைப் பற்றியது என்றால் செம்பனையை விட்டுவிட்டு விரலைப் பற்றி எழுதுங்கள்.