ஜெர்மன் அடுப்பில் பொங்கல்: ஏ1 (ஜெர்மன் முதல் நிலை) படிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

ஜெர்மன் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். பிரியும் வினைச்சொற்கள் பாடம் வந்து தலை சுற்றும். அந்த நேரம் பார்த்துத் தைப்பொங்கலும் வரும். இரண்டையும் ஒரே பானையில் போட்டுவிடலாம்.

1. சாமான்

பச்சரிசி கிடைக்காவிட்டால் சூப்பர் மார்க்கெட்டில் ‘மில்ஷ்ரைஸ்’ கேளுங்கள். குண்டு அரிசி, நன்றாகக் குழையும். நெய்க்கு ‘புட்டர்ஷ்மால்ட்ஸ்’. வெல்லமும் பாசிப்பருப்பும் ஆசியக் கடையில். ஞாயிறு கடை கிடையாது, சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

2. பாத்திரம்

இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பானையும் வெண்கலப் பானையும் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற 2 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் போதும். கழுத்தில் பச்சை மஞ்சள் கிழங்கைக் கட்டுங்கள். நூல் கீழே தொங்கக் கூடாது. சூடத்தை ஜன்னலோரம் ஏற்றுங்கள், கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும்.

3. பொங்க வைப்பது

1 தம்ளர் அரிசி, கால் தம்ளர் வறுத்த பாசிப்பருப்பு இரண்டையும் களைந்து வையுங்கள். பாலும் அரிசி களைந்த தண்ணீருமாகப் பாத்திரத்தில் முக்கால் அளவு ஊற்றிக் கொதிக்க விடுங்கள். வெல்லத்தை இப்போது தொடவே வேண்டாம். நான் முதல் வருஷம் அவசரப்பட்டு முன்னாலேயே போட்டேன். வழிந்த பாகு கண்ணாடி அடுப்பில் கருகி ஒட்டி, பிளேடு வைத்த சுரண்டியால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். வாடகை வீடு வேறு!

நுரை விளிம்புக்கு ஏறும்போது சொல்லுங்கள்: “டீ மில்ஷ் கோக்ட் யூபர்!” பால் பொங்கி வழிகிறது. அகராதியில் இது ‘யூபர்கோஹன்’ என்று ஒரே சொல். வாக்கியத்தில் ‘யூபர்’ கழன்று கடைசிக்கு ஓடிவிடும். பாலும் அப்படித்தானே, பாத்திரத்தை விட்டு வெளியே ஓடுகிறது. அடுப்பைத் துடைத்த பிறகு இறந்தகாலம்: “டீ மில்ஷ் இஸ்ட் யூபர்கெகோக்ட்.” துணைவினை ‘ஹாட்’ இல்லை, ‘இஸ்ட்’. எனக்கு இந்த விதி மறக்காததற்கு அந்தச் சுரண்டிதான் காரணம்.

பொங்கியதும் இரண்டு தம்ளர் பாலை மொண்டு வைத்துக்கொண்டு அரிசி பருப்பைப் போடுங்கள். குறையக் குறைய ஊற்றலாம். குழைந்த பிறகு ஒன்றரை தம்ளர் வெல்லப்பாகு, நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய்.

4. சூரியனுக்கு நன்றி

ஜனவரியில் ஜெர்மனியில் விடியவே எட்டு மணி ஆகும், நிதானமாக எழுந்திருக்கலாம். “இஷ் டாங்க டேர் ஸொன்ன.” நம்ம சூரியன் ஆண், ஜெர்மனில் சூரியன் பெண்பால், ‘டீ ஸொன்ன’. ‘நன்றி சொல்’ என்ற வினைக்கு நான்காம் வேற்றுமை (ஜெர்மனில் ‘டாட்டிஃப்’) வேண்டும் என்பதால் ‘டீ’ இங்கே ‘டேர்’ ஆகிறது. சூரியனுக்கு என்று நாமும் ‘கு’ போடுகிறோம் இல்லையா, அதேதான்.

5. பக்கத்து வீடு

டப்பாவில் போட்டுக் கதவைத் தட்டுங்கள். “எர்ன்டெஃபெஸ்ட்” என்றாலே அறுவடைத் திருநாள் என்று புரிந்துகொள்வார்கள். இனிப்பில் பருப்பா என்று முழித்தால், “வீ மில்ஷ்ரைஸ், ஆபர் மிட் லின்ஸன்” (மில்ஷ்ரைஸ் மாதிரிதான், ஆனால் பருப்போடு) போதும். முந்திரி இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம்.

டப்பா திரும்பி வரும்போது கேட்க ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருங்கள்: “ஹாட் எஸ் கெஷ்மெக்ட்?” ருசியாக இருந்ததா? இதற்கு ‘ஹாட்’தான்.